வாரத் தவணையும் வருஷ மகசூலும்



அழைப்பிதழில் 'நுண்கடனும் ஏழை மகளிர் வாழ்வும்: கொல்லிமலையை முன்வைத்து' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு அது பெரிய தலைப்பு. அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடன் என்றால் எல்லோரும் வட்டியைப் பற்றிப் பேசுகிறோம். கட்ட வேண்டிய நாளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எத்தனை வட்டி என்பதைவிட எந்த நாளில் கட்டச் சொல்கிறார்கள் என்பதுதான் மலையில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிப் போடுகிறது என்பது என் வாதம்.

நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கொல்லிமலையை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சோளக்காடு, அதைத் தாண்டிச் செம்மேடு. ஆகாய கங்கைக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போய்விட்டு, சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழமும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அங்கே குடியிருப்பவர்கள் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, சேளூர் நாடு என்று ஊராட்சிகளே இன்னும் நாடு என்றுதான் பெயர் தாங்கியிருக்கின்றன.

அந்த நாடுகளில் பணம் எப்போது வருகிறது? சாமை வைகாசி, ஆனியில் விதைத்தால் புரட்டாசி, ஐப்பசியில் வீட்டுக்கு வரும். கேழ்வரகும் தினையும் அதற்குப் பிந்தி. காப்பி கார்த்திகை, மார்கழியில். மிளகு தை, மாசியில். பலா கோடையில். மரவள்ளிக் கிழங்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஆக வருஷத்தில் மூன்று, நான்கு தடவை வீட்டில் காசு புழங்கும். மற்ற மாதங்களில் கூலி கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆடி, ஆவணியில் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டால் கூலியும் கிடையாது. இந்த நாட்காட்டியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

மலைக்குக் கடன் புதிதில்லை. 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் தொடங்கிவைத்த ஜவ்வரிசித் தொழில் சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரத்தை மரவள்ளிக்கு இழுத்தது. சாலை ஏற ஏற மரவள்ளியும் மலை ஏறியது. சாமையும் தினையும் விளைந்த மேட்டு நிலங்களில் கிழங்கு வந்தது. கூடவே முன்பணமும் வந்தது. வியாபாரி விதைப்புக்கோ கல்யாணத்துக்கோ பணம் கொடுப்பார். கிழங்கு பிடுங்கும்போது அவருக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. மிளகிலும் இதே கதை. கொடியில் திரி விடும் முன்பே மரக்கணக்கில் பேசி முடித்துவிடுவது உண்டு. இந்தக் கடன் அநியாயமானது என்று யாரும் சொல்லலாம், நானும் சொல்கிறேன். ஆனால் அநியாயத்திலும் ஒரு கணக்கு உண்டு. வியாபாரி தை மாதத்துக்கு முன்பு வந்து கதவைத் தட்டமாட்டார். விளையும் பொருள்தான் தவணை என்பது அவருக்குத் தெரியும்.

இனி அரசும் வங்கியும் கொண்டுவந்த கடனுக்கு வருவோம். இந்தியாவில் மகளிர் குழுவின் வரலாற்றைச் சொல்லும்போது வங்கதேசத்தில் தொடங்கி ஆந்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்துத் தர்மபுரியை மறந்துவிடுகிறார்கள். 1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் குழுக்கள் கட்டத் தொடங்கினார்கள். நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்த்த முன்னோட்டம் 1992இல்தான் வந்தது. 1997-98இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது.

அந்தக் குழு எப்படி நடந்தது என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவிகளின் அம்மாக்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பன்னிரண்டு முதல் இருபது பேர். வாரச் சேமிப்பு பத்து ரூபாய், இருபது ரூபாய். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, பாஸ்புக். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் தரமதிப்பீடு, சுழல்நிதி, பிறகு வங்கிக் கடன். வங்கிப் பணம் வரும்வரை தங்கள் சேமிப்பையே தங்களுக்குள் சுற்றவிட்டார்கள். அதற்கு உள்கடன் என்று பெயர். பையனுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்துக்குப் பீஸ், ரேஷன் வாங்கக் காசு இல்லை என்பது போன்ற சின்னத் தேவைகளுக்கு அது உதவியது. யார் எப்போது கட்டுவார் என்பதை அவரவர் நிலைமை தெரிந்த பக்கத்து வீட்டுக்காரிகள்தான் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். இந்த மாசம் முடியலக்கா, மிளகு வித்ததும் கட்டிடறேன் என்று ஒருத்தி சொன்னால் அந்தக் குழுவால் அதைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ள முடியும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்ட ஆசை. பல குழுக்களில் உள்கடனுக்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 24 சதவீதம். இப்போது ஒரு கடன் கம்பெனி ஒரு பெண்ணுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, '12 சதவீதம்தான் வட்டி' என்று சொல்லி, வாரம் 224 ரூபாயாக ஐம்பது வாரம் வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 11,200. பன்னிரண்டு சதவீதம் போலத்தான் தெரியும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. அந்தப் பெண்ணின் கையில் சராசரியாக இருந்தது ஐயாயிரத்துச் சொச்சம்தான். உண்மையான வட்டி ஏறக்குறைய 24. இரண்டும் ஒரே விலை! அப்படியானால் குழு ஏன் நல்லது, கம்பெனி ஏன் கெட்டது என்று கேட்பீர்கள். ஒன்று, குழுவின் வட்டி குழுவின் பெட்டிக்கே திரும்புகிறது. இன்னொன்று, குழு காத்திருக்கும். முதல் வித்தியாசத்தைப் பொருளாதாரப் பாடநூல்கள் சொல்லிவிட்டன. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வாரத் தவணை எங்கிருந்து வந்தது? 1976இல் சிட்டகாங் பக்கத்து ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் 42 பேருக்கு 856 டாக்கா கொடுத்ததில் தொடங்கும் கதை உங்களுக்குத் தெரியும். அவர் பார்த்த பெண்கள் மூங்கில் முக்காலி பின்னி அன்றன்றைக்கு விற்றவர்கள். அன்றாடம் சில்லறை வரும் வீட்டில் அன்றாடம் அல்லது வாரம் ஒருமுறை சில்லறையாகத் திருப்பிக் கட்டச் சொல்வது நல்ல புத்திதான். அவர் தொடங்கிய கிராமின் வங்கி 1983இல் முறையான வங்கியானது, 2006இல் நோபல் பரிசு பெற்றது. அதற்குள் அந்த வாரத் தவணை உலகம் முழுவதற்கும் பொதுவான பார்முலா ஆகிவிட்டது. முக்காலி பின்னுகிறவளுக்குத் தைத்த ரவிக்கையைக் கிழங்கு போட்டவளுக்கும் போட்டுவிட்டார்கள்.

ஆந்திரத்தில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நீட்டிச் சொல்லப்போவதில்லை. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கியது. அக்டோபரில், கடனாளிகளின் தற்கொலைச் செய்திகளுக்கு நடுவே, மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. இதை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. அதையொட்டி ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்தது. அந்த விதிகளில் ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தவணை வாரமா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா, மாதமா என்பதைக் கடன் வாங்குகிறவரே தேர்ந்தெடுக்கலாம் என்றது அது. 2022 மார்ச்சில் வந்த புதிய நெறிமுறையும் கடனாளியின் தேவைக்கு ஏற்பத் தவணையின் இடைவெளியை மாற்றிக் கொடுக்கக் கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துக்குத் தருவதே நுண்கடன், மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணையாகப் போகக்கூடாது, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக்கூடாது என்றெல்லாமும் அதில் உண்டு. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் மாத வருமானம் என்ற ஒன்று கொல்லிமலையில் எந்த வீட்டில் இருக்கிறது? வருஷ வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைப்பது ஒரு கற்பனை எண். அந்த எண்ணில் பாதிவரை ஆவணி மாதத்திலும் வசூலிக்க இடம் கொடுக்கிறது நெறிமுறை.

வாரத் தவணைக் கடன் வாங்கிய மலைக் குடும்பம் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாரம் வாரம் பணம் வேண்டுமென்றால் வாரம் வாரம் கூலி வேண்டும். சொந்தக் காட்டில் களை எடுக்க வேண்டிய நாளில் அடுத்தவர் காட்டுக்குப் போக வேண்டும். அல்லது கேரளத்திலும் கர்நாடகத்திலும் காப்பி, மிளகு எஸ்டேட்டுகளுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். கொல்லிமலைக்காரர்கள் வெகு காலமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், கடன் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவணை நெருக்கும்போது எப்போது போவது என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. அதுவும் முடியாதபோது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கம்பெனி சேர்த்த பத்துப் பேர் குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து கட்ட வேண்டும் என்கிற குழுப் பொறுப்பு, உறவுக்காரிகளை வசூல்காரிகளாக்கிவிடும். கம்பெனி ஆள் சத்தம் போட வேண்டியதே இல்லை. சித்தியும் நாத்தனாரும் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இது மலையின் தனித் துயரமும் இல்லை. இலங்கையின் வடக்கில் போர் முடிந்த பிறகு கணவனை இழந்த பெண்களைத் தேடித் தேடி நுண்கடன் கொடுத்தார்கள். மீன்பிடியும் வயலும் பருவத்தைப் பார்க்கும் தொழில்கள். வசூல் மட்டும் வாரம் தவறாமல் வந்தது. 2018இல் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கியிருந்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்காகச் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். நம் மாவட்டத்துக் கீழ்நாட்டில், பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற செய்தியை 2025 ஜூலையில் படித்தோம். தறி வாரச் சம்பளம் கொடுக்கும் தொழில்; அங்கேயே இந்தக் கதி.

நுண்கடன் பெண்களை வறுமையிலிருந்து தூக்கிவிடும் என்ற பழைய நம்பிக்கை ஆய்விலும் நிற்கவில்லை. ஹைதராபாதில் 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியில் கடன் நிறுவனம் கிளை திறந்து, மீதியில் திறக்காமல் விட்டு, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் சில வருஷங்கள் கழித்து ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள் கொஞ்சம் முதலீடு கூட்டினார்கள். வீட்டுச் செலவிலோ, குழந்தைகளின் படிப்பிலோ, பெண்ணின் சொல் வீட்டில் எடுபடுவதிலோ சொல்லும்படியான மாற்றம் இல்லை. கெடுதலும் பெரிதாக இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் எனக்கு அதைவிடப் பயன்பட்டது கொல்கத்தாவில் எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே குழுவினர் செய்த சோதனைகள். ஒன்றில், கடன் கொடுத்த இரண்டாம் வாரமே வசூலைத் தொடங்காமல் சிலருக்கு மட்டும் இரண்டு மாதம் பொறுத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் அவர்களுடைய தொழில் லாபம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். துணிந்து முதல் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில், வாரத் தவணையை மாதத் தவணையாக்கியபோது கட்டுவது பற்றிய கவலையும் பதற்றமும் பாதியாகக் குறைந்தன. அதே குழுவினர் இன்னொன்றும் கண்டார்கள்: வாரந்தோறும் கூடுகிற பெண்களுக்குள் ஒட்டுறவு வளர்கிறது. ஆகவே கூட்டம் வாரம் நடக்கட்டும். வசூல்தான் வாரம் நடக்க வேண்டியதில்லை. நம் மகளிர் குழு முப்பது வருஷமாகச் செய்துவந்தது ஏறத்தாழ இதுதான்.

இப்போது மலையிலேயே பிறந்த ஒரு கடனைச் சொல்கிறேன். இதை நுண்கடன் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. கொல்லிமலை வீடுகளில் தானியம் சேமிக்கத் தொம்பை வைத்திருந்தார்கள். விதை இல்லாதவர் இருக்கிறவரிடம் வாங்கி விதைத்து, அறுத்ததும் கூடுதலாகத் திருப்பிக் கொடுப்பார். 1990களில் மலைக்கு வந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பழக்கத்தை வைத்தே கிராம விதை வங்கிகளை அமைத்தது. சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, கருஞ்சாமை, பெருந்தினை, செந்தினை, மூக்காந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என்று அந்த வங்கியின் இருப்புகளுக்குத் தனித் தனிப் பெயர். இங்கே தவணை ஒன்றே ஒன்று. அது அறுவடை.

அதே நிறுவனம் ஆண், பெண் சுய உதவிக் குழுக்களையும் கட்டியது. அவற்றின் வழியாக வந்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது பணமில்லை, இயந்திரம். சாமையை உரலில் போட்டு உலக்கையால் குத்தி உமி நீக்குவது எப்படிப்பட்ட வேலை என்பது குத்தியவர்களுக்குத்தான் தெரியும். அந்த வேலை முழுக்கப் பெண்களின் தோளில் இருந்தது. ரேஷன் அரிசி வந்ததும் சாமை சமையலறையை விட்டுப் போனதற்கு ஒரு காரணம் இந்த உலக்கை. எந்தப் பெண்ணும் அதற்காக வருந்தியிருக்க மாட்டாள். உமி நீக்கும் இயந்திரத்தைக் குழுக்களே நடத்தத் தொடங்கியபோது அந்த நேரம் பெண்ணின் கைக்குத் திரும்பி வந்தது. பிறகு கேழ்வரகு மால்ட், சாமை உப்புமா மிக்ஸ், தினை மாவு என்று பாக்கெட் போட்டு விற்றார்கள். குழுக்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாகவும் ஆயின. அளவை ஊதிப் பெருக்க வேண்டாம். சிறுதானியம் திரும்பி வந்து மரவள்ளியை மலையிலிருந்து துரத்திவிடவில்லை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரத்தில் விலை ஏறிய அளவுக்கு மலையில் ஏறியதா என்பதைச் சோளக்காட்டிலும் தெம்பளத்திலும் சந்தையில் நின்று கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். இருந்தாலும், கடனும் குழுவும் ஒரு பெண்ணின் நாளை மாற்றியது எங்கே என்று கேட்டால் நான் காட்டுவது அந்த உமி நீக்கும் கொட்டகையைத்தான்.

வேளாண் கடனுக்கு மகசூல்வரை காத்திருக்க வங்கிக்கே தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகத் தெரியும். பயிர்க்கடன் அப்படித்தான் நடக்கிறது. விதைக்கும்போது வாங்கி அறுத்தபின் கட்டலாம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது. ஆனால் அதற்குப் பட்டா வேண்டும், சிட்டா வேண்டும். பட்டா யார் பேரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பேரில், மாமனார் பேரில், வீட்டுக்காரர் பேரில். ஆக ஒரே வீட்டில், ஒரே காட்டில், ஆணுக்கு அறுவடைத் தவணையில் வட்டியில்லாக் கடன். களை எடுத்து, குத்திப் புடைத்து, மிளகு பறிக்கிற பெண்ணுக்கு வாரத் தவணையில் 24 சதவீதக் கடன். பெண்களை முன்னேற்ற வந்த கடன் இது என்று மேடைகளில் சொல்கிறோம்.

பட்டா ஏன் அவள் பேரில் இல்லை என்று தேடினால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து நிற்கும். அதன் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவிக்கை செய்தாலொழிய, பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. மகள்களுக்குச் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடாளுமன்றமும் செய்த திருத்தங்கள் அந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கின்றன. அதனால் அவையும் மலைக்கு ஏறவில்லை. பழங்குடிகளின் வழக்காறுகளைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் வைத்த பிரிவுதான். நடைமுறையில் அந்த வழக்காறு மகளுக்குக் காணி கொடுப்பதில்லை. பழங்குடிப் பெண்களுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று அண்மைக் காலத்தில் நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஒரு பழங்குடிக் குடும்ப வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவாய்த்துறைப் பதிவேட்டுக்குள் இறங்கி ஒரு பெண்ணின் பெயராக மாறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை இங்கே இருக்கும் வழக்கறிஞர்கள் சொல்லட்டும்.

வங்கி மேலாளர் ஒருவர் எழுந்து, இரண்டு மாதம் பொறுத்தால் பணம் திரும்பி வருமா என்று கேட்பார். நியாயமான கேள்வி. கொல்கத்தா சோதனையில் லாபம் கூடியதோடு, கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள். துணிந்து முதல் போடுகிறவர்களில் சிலர் தோற்கத்தான் செய்வார்கள். அந்தத் தோல்வியின் செலவை யார் சுமப்பது என்பதுதான் மிச்சமிருக்கும் பிரச்சினை. இப்போது அதை முழுக்க அந்தப் பெண்ணும் அவளோடு கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரும் சுமக்கிறார்கள். பயிர்க்கடனில் அதே செலவை அரசு சுமக்கிறது, தேர்தல் வந்தால் தள்ளுபடியும் செய்கிறது. 2021இல் கூட்டுறவு வங்கிகளில் இருந்த மகளிர் குழுக் கடன்களையும் தள்ளுபடி செய்யத்தான் செய்தார்கள். தள்ளுபடி செய்யப் பணம் இருக்கிறதென்றால், காத்திருப்பதற்கும் பணம் இருக்கிறது. செம்மேட்டில் ஒரு வங்கிக் கிளையும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கமும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் ஒன்றாக உட்கார்ந்தால், பட்டா கேட்காமல், குழுவின் தீர்மான நோட்டையே ஆதாரமாக வைத்து, மிளகு விற்ற பின் மாசியில் ஒரு தவணையும் சாமையும் தினையும் வந்த பின் கார்த்திகையில் ஒரு தவணையும் என்று ஒரு கடனை எழுதிப் பார்க்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; 2022 நெறிமுறையிலேயே இடம் இருக்கிறது. இரண்டு பருவம் நடத்திப் பார்த்து, எத்தனை பேர் கட்டினார்கள், எத்தனை பேர் எஸ்டேட்டுக்குப் போகாமல் ஊரிலேயே இருந்தார்கள் என்று எண்ணுவதற்கு இந்தக் கல்லூரியின் பொருளியல் துறையில் மாணவர்கள் இருக்கிறார்கள், மலையும் ஒரு பஸ் தூரம்தான்.